மே மாசம் கன்னியாகுமரி டூர்: தேதியை யார் முடிவு பண்றது?

கோடை விடுமுறை வந்தாச்சு. வீட்டுக்கு வீடு இப்ப ஒரே பேச்சு தான். "இந்த வருஷம் எங்க போகலாம்?"

தென் மாவட்டங்கள்ல பாதிக் குடும்பங்களுக்கு இந்தக் கேள்விக்கு முதல்ல வர்ற பதில் கன்னியாகுமரி. கொங்கு பக்கம் இருந்தும் டெல்டா பக்கம் இருந்தும் வேன் பிடிச்சு வர்றாங்க. கேரளாவுல ஏப்ரல், மே ரெண்டு மாசமும் பள்ளி விடுமுறை. அந்தக் கூட்டம் தனி.

போகாதீங்கன்னு சொல்ல இதை எழுதல. அருமையான ஊர். நானே வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது போறவன் தான்.

நான் தென் மாவட்டத்துல ஒரு அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற சாதாரண எம்.பி.பி.எஸ். டூட்டி டாக்டர். சுற்றுலா நிபுணர் இல்ல. ஆனா மே மாசம் எங்க அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வர்ற டூர் கூட்டத்தை வருஷா வருஷம் பார்க்கிறேன். வேன்ல இருந்து நேரா இறங்கி வர்றவங்க, கையில சங்கு மாலையோட வர்றவங்க, ஊருக்குத் திரும்பிப் போற வழியில பாதியில வண்டியைத் திருப்பிட்டு வர்றவங்க.

அவங்ககிட்ட "ஏன் இந்தத் தேதியில வந்தீங்க?"ன்னு கேட்டா பதில் இப்படித் தான் இருக்கும். "வேன் இந்த ரெண்டு நாள் தான் கிடைச்சது சார்." "மச்சான் துபாய்ல இருந்து வந்திருக்கார், பதினஞ்சு நாள் தான் லீவு." "பசங்களுக்கு ஸ்கூல் தொறக்கப் போறாங்க."

வேன், மச்சான், ஸ்கூல். இந்த மூணும் சேர்ந்து தேதியை முடிவு பண்ணியிருக்கும். அந்த வேன்ல 72 வயசு ஆச்சி உட்கார்ந்திருப்பாங்க. மடியில எட்டு மாசக் குழந்தை இருக்கும். அவங்க ரெண்டு பேரோட உடம்பையும் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாங்க.

என் கருத்து இது தான். குடும்பத்தோட எங்க போனாலும், அதுலயே ரொம்ப வயசான உடம்பும் ரொம்பச் சின்ன உடம்பும் தான் தேதியையும் நேரத்தையும் முடிவு பண்ணணும். மத்தவங்க அதுக்கு வளைஞ்சு கொடுக்கணும்.

ஏன்னு சொல்றேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

"கடற்கரை தானே டாக்டர், காத்து குளுகுளுன்னு இருக்கும்ல?"

இது தான் முதல் தப்புக்கணக்கு. கரூர்லயும் வேலூர்லயும் 40 டிகிரி காயும்போது கன்னியாகுமரியில 33, 34 டிகிரி தான் காட்டும். போன்ல பார்த்துட்டு "ஊட்டி மாதிரி இருக்கு"ன்னு கிளம்பிடுவாங்க.

நம்ம உடம்பு சூட்டை எப்படி வெளியேத்துது? வேர்வை மூலமா. வேர்வை வந்தா மட்டும் போதாது, அது காயணும். காயும்போது தான் தோல்ல இருந்து சூட்டை எடுத்துட்டுப் போகும். வேலூர்ல காத்து வறண்டு இருக்கிறதால வேர்வை உடனே காயும். கடலோரத்துல காத்துல ஏற்கெனவே ஈரம் நிறைஞ்சிருக்கும். வேர்வை காய இடமே இல்ல. சட்டையை நனைச்சுட்டு சும்மா வழியும். உடம்பு தண்ணியையும் உப்பையும் இழக்கும், சூடு மட்டும் உள்ளயே நிக்கும்.

34 டிகிரி வெயில், 70 சதவீத ஈரப்பதம்னு வச்சுக்கோங்க. நிழல்ல நின்னாக்கூட உடம்புக்கு அது 45 டிகிரி பக்கமா தெரியும். நேர் வெயில்ல நின்னா அதுக்கும் மேல.

இதுல கடற்காத்து இன்னொரு வேலை செய்யும். முகத்துல படும்போது சுகமா இருக்கும். அதனால சூடு ஏறுறது நமக்கே தெரியாது. படகுக்கு ஒன்றரை மணி நேரம் வரிசையில நின்னுட்டு, "நல்லா தான டாக்டர் நின்னுட்டு இருந்தாங்க, திடீர்னு சாய்ஞ்சுட்டாங்க"ன்னு தூக்கிட்டு வருவாங்க. திடீர்னு எதுவும் நடக்கல. ஒன்றரை மணி நேரமா நடந்துட்டு இருந்திருக்கு.

வயசானவங்களுக்கு வேர்வைச் சுரப்பிகள் குறைவா வேலை செய்யும். தாகம்ங்கிற உணர்ச்சியே மங்கிப் போயிருக்கும். குழந்தைங்களுக்கு உடம்பு எடைக்கு ஒப்பிட்டா தோல் பரப்பு அதிகம், சூடு வேகமா ஏறும். வாயைத் திறந்து சொல்லவும் தெரியாது. அதனால தான் இந்த ரெண்டு வயசுக்காரங்களையும் முன்னாடி வச்சேன்.

இப்ப நான் சொல்லப் போறது ஆண்கள் அவசியம் படிக்க வேண்டிய விஷயம்.

ஒரு மே மாசம். மதியம் ஒரு மணி இருக்கும். 68 வயசு அம்மா ஒருத்தங்களை ஆட்டோவுல கொண்டு வந்தாங்க. வரிசையில மயக்கம் போட்டிருக்காங்க. வாய் காய்ஞ்சு நாக்கு ஒட்டிக்கிடக்கு. பி.பி. 80-க்குக் கீழ. டிரிப் ஏத்தி, கொஞ்சம் தெளிஞ்சதும் கேட்டேன்.

"அம்மா, காலையில இருந்து எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?"

மகனைப் பார்த்தாங்க. பதில் சொல்லல. மகன் டீ வாங்க வெளிய போனதும் மெதுவா சொன்னாங்க. "எங்க தம்பி குடிக்க? குடிச்சா ஒண்ணுக்கு வரும்லா. வேன்ல எத்தனை தடவை நிப்பாட்டச் சொல்ல முடியும்? வந்த எடத்துலயும் அவ்வளவு கூட்டம்."

முந்தின நாள் ராத்திரி வேன் ஏறினதுல இருந்து மொத்தமா ரெண்டு டம்ளர். வெறும் ரெண்டு டம்ளர்.

பக்கத்துல நின்ன மருமகள்கிட்ட "நீங்கம்மா?"ன்னு கேட்டேன். சிரிச்சாங்க. அவங்களும் அதே கதை தான். அவங்க கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறவங்க.

இதை நான் பத்துப் பதினஞ்சு தடவை கேட்டுட்டேன். நம்ம வீட்டுப் பெண்கள் டூர் போகும்போது தண்ணி குடிக்காம இருக்கிறது மறதியால இல்ல. திட்டம் போட்டு குடிக்காம இருக்காங்க. கழிப்பறை கிடைக்காது, கிடைச்சாலும் உள்ள கால் வைக்க முடியாது, வரிசை நீளம், ஆம்பளைங்க "இப்பத் தான போனீங்க?"ன்னு முகத்தைச் சுளிப்பாங்க. அதனால நாக்கை அடக்கிக்கிறாங்க.

விளைவு? சிறுநீர்த் தொற்று, சிறுநீரகப் பாதிப்பு, வெயில் மயக்கம். அந்த அம்மாவுக்கு ரத்தத்துல கிரியாட்டினின் ஏறியிருந்தது. ரெண்டு நாள் வார்டுல இருந்தாங்க. பதினொரு பேர் வந்த டூர் எங்க ஆஸ்பத்திரி மரத்தடியில முடிஞ்சது.

கூட்டம் குறைவான நாள்ல போங்கன்னு நான் சொல்றதுக்கு முதல் காரணம் இது தான். நல்லா போட்டோ எடுக்கலாம்ங்கிறதுக்காக இல்ல. கூட்டம் குறைஞ்சா கழிப்பறை வரிசை குறையும், உங்க அம்மா தண்ணி குடிப்பாங்க.

இன்னொண்ணு. வேன்ல போனா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நீங்களே நிப்பாட்டுங்க. யாரும் கேட்க வேண்டாம். கேட்க வச்சுட்டீங்கன்னாலே பாதிப் பேர் கேட்க மாட்டாங்க.

அடுத்தது கால்.

விவேகானந்தர் பாறையில செருப்பைக் கழட்டிட்டுத் தான் சுத்திப் பார்க்கணும். பகவதி அம்மன் கோயில்லயும் அப்படித் தான். அது முறை, அதுல எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்ல. ஆனா மதியம் 12 மணிக்கு அந்தப் பாறை எப்படி இருக்கும்? நேர் வெயில்ல கிடக்கிற கல்லும் தார் ரோடும் 50, 60 டிகிரி வரைக்கும் சூடாகும். உங்களுக்கும் எனக்கும் ரெண்டாவது நொடியில "ஆ"ன்னு கால் தானா தூக்கும். தத்தித் தத்தி நிழலுக்கு ஓடிடுவோம்.

பத்துப் பதினஞ்சு வருஷமா சர்க்கரை இருக்கிறவங்களுக்கு அந்த "ஆ" வராது. பாதத்துல நரம்பு உணர்ச்சி குறைஞ்சிருக்கும். அவங்க நிதானமா நடப்பாங்க. "எனக்கெல்லாம் சுடலப்பா, கிராமத்துக் கால் இது"ன்னு பெருமையா வேற சொல்வாங்க. சுடாத கால் பலமான கால்னு நினைச்சுக்கிறாங்க. அது உணர்வு செத்த கால்.

அப்படி ஒரு ஐயா. விவசாயி. சர்க்கரைக்கு 14 வருஷமா மாத்திரை. பாறைக்குப் போய் வந்தது வியாழன். ஊர் போய் சேர்ந்தது வெள்ளி. சனிக்கிழமை பேத்தி தான் பார்த்திருக்கா, தாத்தா நடந்த தரையில ஈரம் ஈரமா இருக்குன்னு. ரெண்டு உள்ளங்காலும் கொப்புளம் வெடிச்சு நீர் வழியுது. அவருக்கு வலியே இல்ல. திங்கள்கிழமை என்கிட்ட வந்தப்ப சீழ் வச்சிருந்தது. அப்புறம் மூணு மாசம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு. ஒரு சுண்டுவிரலை எடுக்க வேண்டி வந்தது. அந்த வருஷம் நடவுக்கு அவர் வயல்ல இறங்கல.

வீட்டுல சர்க்கரை உள்ளவங்க இருந்தா கிளம்புறதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கிற அரசு மருத்துவமனையில பாதத்தோட உணர்ச்சியைப் பரிசோதனை பண்ணிக்கோங்க. ஒரு நைலான் இழையை வச்சு தொட்டுப் பார்ப்போம். அஞ்சு நிமிஷம் கூட ஆகாது. உணர்ச்சி குறைவுன்னு தெரிஞ்சா, காலையில முதல் படகுல போய் வெயில் ஏறுறதுக்குள்ள திரும்பிடணும். அது முடியலன்னா அவங்க கரையிலயே நிழல்ல உட்கார்ந்து பார்க்கட்டும். கெட்டியான பருத்தி சாக்ஸ் போட்டுக்க அனுமதி உண்டான்னு அங்க இருக்கிறவங்ககிட்ட கேட்டுட்டுப் போட்டுக்கோங்க. ராத்திரி ரூமுக்கு வந்ததும் மகனோ மகளோ அவங்க ரெண்டு உள்ளங்காலையும் விளக்கு வெளிச்சத்துல பாருங்க. அவங்களே பார்த்துக்க மாட்டாங்க. குனிய முடியாது, கண்ணும் தெரியாது.

மணல்லயும் இதே கதை தான். மதிய மணல் கல்லுக்குச் சளைச்சதில்ல.

மாத்திரை விஷயம். இது கொஞ்சம் கவனமா படிக்கணும்.

பி.பி.க்கும் இதயத்துக்கும் கொடுக்கிற சில மாத்திரைகள் சிறுநீரை அதிகமா வெளியேத்தும். ஃபுரோசமைடு, ஹைட்ரோகுளோரோதயசைடு மாதிரி. சர்க்கரைக்குக் கொடுக்கிற டாபாகிளிஃப்ளோசின் வகையும் சிறுநீர் வழியா சர்க்கரையோட தண்ணியையும் எடுத்துட்டுப் போகும். டெல்மிசார்டான் மாதிரியான மாத்திரை சாப்பிடுறவங்க உடம்புல தண்ணி வத்திப் போச்சுன்னா சிறுநீரகம் சீக்கிரம் அடி வாங்கும். கிளிமிபிரைடு சாப்பிட்டுட்டு, ஓட்டல் கூட்டத்துல டிபன் கிடைக்காம பதினொரு மணி வரைக்கும் வரிசையில நின்னா சர்க்கரை தாழ்ந்து போகும். வெயில்ல உடம்பு சூடா இருக்கும்போது இன்சுலின் வழக்கத்தை விட வேகமா ரத்தத்துல கலக்கும். அதுவும் தாழ் சர்க்கரைக்கு வழி.

இதைப் படிச்சுட்டு எந்த மாத்திரையையும் நீங்களா நிறுத்திடாதீங்க. அது வெயிலை விட ஆபத்து. டூர் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி உங்க டாக்டர்கிட்ட "மே மாச வெயில்ல ரெண்டு நாள் வெளியூர் போறோம், இதுல எதையாவது மாத்தணுமா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பையில நாலு மிட்டாய், பிஸ்கட் பாக்கெட் எப்பவும் இருக்கட்டும். இன்சுலினை வேன் டேஷ்போர்டுல வைக்கவே கூடாது. அடைச்ச வண்டிக்குள்ள சூடு ஏறினா அந்த மருந்து வீணாப் போகும்.

அடைச்ச வண்டின்னு சொன்னதும் இதையும் சொல்லிடறேன். "தூங்குறான், எழுப்ப வேணாம்"னு குழந்தையை வண்டிக்குள்ள விட்டுட்டு ஒரு நிமிஷம் கூடப் போகாதீங்க. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி விட்டாலும் சரி, நிழல்ல நிறுத்தினாலும் சரி. கூடாது.

இப்ப நேரத்துக்கு வரேன். கன்னியாகுமரின்னாலே சூரிய உதயம். மே மாசம் அங்க ஆறு மணி வாக்குல உதிக்கும். அதைப் பிடிக்கணும்னு மதுரைக்காரங்க ராத்திரி ஒரு மணிக்குக் கிளம்புறாங்க. திருச்சி, சேலம்காரங்க முந்தின நாள் சாயங்காலமே கிளம்பி ராத்திரி முழுக்க ஓட்டுறாங்க. வேனுக்கு ஒரே டிரைவர். அவர் அதுக்கு முந்தின ராத்திரியும் வேற ஒரு டூர் ஓட்டிட்டு வந்திருப்பார். கேட்டா தான் சொல்வார்.

மனுஷ மூளைக்கு அதிகாலை ரெண்டுல இருந்து அஞ்சு மணி வரைக்கும் தூக்கம் அழுத்துற நேரம். டீ குடிச்சாலும், முகம் கழுவினாலும், பாட்டுப் போட்டாலும் அழுத்தும். கண்ணைத் திறந்துக்கிட்டே சில நொடி தூங்கிடுவாங்க. நாலுவழிச் சாலையில 90-ல போற வண்டி ஒரு நொடிக்கு 25 மீட்டர் போகும். கணக்கு போட்டுக்கோங்க. அதிகாலை நாலரை மணிக்கு எங்களுக்கு வர்ற விபத்து கேஸ்கள் எப்படி இருக்கும்னு இங்க எழுத விரும்பல. பிரேக் பிடிச்ச தடமே ரோட்டுல இல்லன்னு போலீஸ்காரங்க சொல்வாங்க. அவ்வளவு தான் சொல்வேன்.

முந்தின நாள் மதியத்துக்கு மேல வந்து ஒரு ராத்திரி தங்குங்க. ரூம் வாடகை சீசன்ல கூடத் தான், ஒத்துக்கிறேன். முடியலன்னா ராத்திரி ரயில்ல வாங்க. அதுவும் முடியலன்னா உதயத்தை விட்டுடுங்க. காலைச் சாப்பாட்டுக்கு மேல ஊருக்குள்ள வந்து சாயங்காலத்தை அனுபவிங்க. மே மாசம் பாதி நாள் மேகம் மறைச்சு உதயம் சரியாத் தெரியறதும் இல்ல.

அஸ்தமனமும் மே மாசம் வடமேற்குல நிலத்துப் பக்கமா ஒதுங்கிடும். கடலுக்குள்ள இறங்குற சூரியனைப் பார்க்கணும்னா டிசம்பர், ஜனவரி தான் அதுக்குக் காலம். அது தெரியாம சாயங்காலம் ஆறரைக்கு மொத்தக் கூட்டமும் ஒரே இடத்துல முண்டியடிச்சு நிக்கும். சித்ரா பௌர்ணமி அன்னைக்கு ஒரு பக்கம் சூரியன் மறைய மறு பக்கம் நிலா எழும். அழகான காட்சி. ஆனா அன்னைக்குக் கைக்குழந்தையோட வராதீங்க. வைகாசித் திருவிழா தேரோட்டம் அன்னைக்கும் அப்படித் தான்.

கடல். இதைப் பத்தி எழுத எனக்குக் கஷ்டமா இருக்கு.

2024 மே 6-ஆம் தேதி. கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் பக்கத்துல லெமூர் கடற்கரை. மருத்துவ மாணவர்கள் அஞ்சு பேர் அலையில இழுத்துட்டுப் போகப்பட்டு இறந்து போனாங்க. இன்னும் கொஞ்ச நாள்ல ஸ்டெதாஸ்கோப்போட எங்களை மாதிரி டூட்டி பார்த்திருக்க வேண்டிய பிள்ளைங்க. அன்னைக்குக் கடலுக்குள்ள யாரும் இறங்க வேண்டாம்னு எச்சரிக்கை ஏற்கெனவே கொடுத்திருந்தாங்க.

அதுக்குப் பேர் கள்ளக்கடல். மீனவர்கள் வச்ச பேர். திருடன் மாதிரி சத்தமில்லாம வர்றதால. இந்தியப் பெருங்கடலோட தென்கோடியில, பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி அடிக்கிற புயல் காத்து எழுப்புற நீண்ட அலைகள் நாள்கணக்கா பயணம் பண்ணி நம்ம கரைக்கு வரும். இங்க காத்து இருக்காது, மழை இருக்காது, வானம் பளிச்சுன்னு இருக்கும். கடல் சாதுவா தான் தெரியும். திடீர்னு ஒரு அலை கரையில வழக்கத்தை விட ரொம்ப தூரம் ஏறி வந்து, திரும்பும்போது காலுக்கு அடியில இருக்கிற மணலையும் சேர்த்து இழுத்துட்டுப் போகும். கேரளக் கரையிலயும் நம்ம குமரிக் கரையிலயும் இது அதிகமா வர்றது ஏப்ரல், மே மாசம். அதாவது நம்ம பசங்களுக்கு லீவு விடுற அதே காலம்.

ஹைதராபாத்துல இருக்கிற இன்காய்ஸ் மையம் இதை முன்கூட்டியே கணிச்சுச் சொல்லிடுது. டிவியிலயும் பேப்பர்லயும் "கடல் சீற்றம், கள்ளக்கடல் எச்சரிக்கை"ன்னு வரும். கிளம்புறதுக்கு முந்தின நாள் அதைப் பாருங்க. எச்சரிக்கை இருந்தா கணுக்கால் அளவு கூட இறங்காதீங்க. பாறை மேல நின்னு செல்பியும் வேண்டாம். போலீஸோ உள்ளூர் மீனவரோ "ஏறி வாங்க"ன்னு சொன்னா "அஞ்சு நிமிஷம் அண்ணே"ன்னு பேரம் பேசாதீங்க. அவர் அந்தக் கடலை உங்களை விட நாப்பது வருஷம் கூடுதலாப் பார்த்தவர்.

தண்ணியில மூழ்கினவங்களை வெளிய எடுத்தா வயித்தை அமுக்கித் தண்ணி எடுக்காதீங்க, தலைகீழாத் தொங்க விடாதீங்க. அதுல நேரம் தான் போகும். மூச்சு இல்லன்னா உடனே மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வாயோட வாய் வச்சு காத்து ஊதணும், அப்புறம் நெஞ்சை அழுத்தணும். கூடவே ஒருத்தர் 108-க்குக் கூப்பிடணும்.

சாப்பாட்டைப் பத்தி ரெண்டே வரி. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் கிழக்குக் கரையில விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அதனால "இப்பத் தான் கடல்ல இருந்து வந்தது"ன்னு தட்டுல வர்ற எல்லா மீனையும் நம்பிடாதீங்க. நாலு மணிக்கு வெட்டின நுங்கு, கண் முன்னாடி உரிச்ச மட்டிப்பழம், சூடா ஊத்தின தோசை. இதுல யாரும் எங்ககிட்ட வந்ததில்ல.

இவ்வளவு சொன்னதும் நீங்க என்ன கேட்பீங்கன்னு தெரியும்.

"டாக்டர், நீங்க ஈஸியா சொல்லிட்டீங்க. எங்களுக்கு மே மாசத்தை விட்டா வேற லீவு ஏது?"

நியாயமான கேள்வி. கூலி வேலை பார்க்கிறவங்க, கடை வச்சிருக்கிறவங்க, வெளிநாட்டுல இருந்து வர்றவங்க யாருக்கும் தேதி அவங்க கையில இல்ல. இந்த மாதிரி அறிவுரை எழுதுற நிறைய பேர் மாசச் சம்பளம் வாங்கிட்டு, நினைச்சப்ப லீவு போடுறவங்க. அதனால மே மாசத்துக்குள்ளயே என்ன பண்ணலாம்னு சொல்றேன்.

தேர்வு முடிஞ்ச கையோட ஏப்ரல் கடைசியிலயே போயிடுங்க. அக்னி நட்சத்திரம் மே 4 வாக்குல தான் ஆரம்பிக்கும். மே கடைசிப் பத்து நாள் வேண்டவே வேண்டாம். "ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள"ன்னு எல்லாரும் சேர்ந்து வர்ற பத்து நாள் அது. சனி, ஞாயிறு வேண்டாம். செவ்வாய், புதன், வியாழன்ல ஏதாவது ஒண்ணு. கடை வச்சிருக்கிறவங்களுக்கு இது தான் வசதியும் கூட.

அன்னைக்கு நாளை ரெண்டாப் பிரிச்சுக்கோங்க. படகு காலை எட்டு மணி வாக்குல ஆரம்பிக்கும். அதுக்கு முன்னாடியே வரிசைக்குப் போயிடணும். கண்ணாடிப் பாலம் வந்த பிறகு பாறையில இருந்து வள்ளுவர் சிலைக்கு நடந்தே போயிடலாம், 77 மீட்டர் தான். அதனால ஒரே சுத்துல ரெண்டும் முடியும். பதினொரு மணிக்குள்ள கரைக்கு வந்துடுங்க. பதினொண்ணுல இருந்து நாலு வரைக்கும் ரூம், தூக்கம், மோர். கடற்கரை, கோயில், கடைத்தெரு எல்லாம் நாலு மணிக்கு மேல. "காசு கொடுத்து வந்துட்டு ரூம்ல தூங்கவா?"ன்னு யாராவது சொல்வாங்க. அவங்க மட்டும் வெயில்ல சுத்திட்டு வரட்டும்.

கடல் சரியில்லன்னா, நீர்மட்டம் சரியில்லன்னா படகை நிறுத்திடுவாங்க. அந்த அறிவிப்பு வந்தா அதுக்கு மேல அங்க காத்திருக்காதீங்க. "மதியத்துக்கு மேல விடுவாங்களாம்"னு ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னு தான் நிறைய பேர் எங்ககிட்ட வர்றாங்க.

தாத்தா, ஆச்சியைக் கூட்டிட்டுப் போறதுன்னா என் ஓட்டு காலாண்டு விடுமுறைக்குத் தான். செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம். அக்டோபர் 2-ஆம் தேதி நடுப்பகல்ல காந்தி மண்டபத்துல அஸ்தி வச்சிருந்த இடத்துல சூரிய ஒளி விழுற மாதிரி கட்டியிருக்காங்க. உங்க தாத்தாவுக்கு அதைக் காட்டுங்க. பசங்களுக்கும் பாடத்தை விட நல்லா மனசுல நிக்கும். ஒரே எச்சரிக்கை, சில வருஷம் நவராத்திரி அதே நாள்கள்ல வரும். அப்ப பகவதி அம்மன் கோயில்ல கூட்டம் இருக்கும், காலண்டரைப் பார்த்துக்கோங்க. நவம்பர் நடுவுல இருந்து ஜனவரி நடு வரைக்கும் ஐயப்ப பக்தர்கள் சீசன். அது முடிஞ்சு, ஜனவரி கடைசியும் பிப்ரவரியும் பெரியவங்களுக்கு அருமையான காலம். பசங்க இல்லாம அவங்க ரெண்டு பேரை மட்டும் கூட்டிட்டுப் போகலாமே? ஏன் எப்பவும் பேரப்பிள்ளைங்க லீவுக்குப் பின்னாடியே அவங்களை இழுக்கிறோம்?

ஆட்சியில இருக்கிறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். எல்லாப் பொறுப்பையும் குடும்பங்கள் தலையில கட்டிட முடியாது. மே மாசம் மட்டுமாவது படகுச் சேவையை ஆறரை மணிக்கு ஆரம்பிக்கக் கூடாதா? வரிசை முழுக்க நிழல், வயசானவங்களுக்கும் கைக்குழந்தைக்காரங்களுக்கும் தனி வரிசை, வரிசைக்கு நடுவுல சுத்தமான பெண்கள் கழிப்பறை, ஒரு ஓ.ஆர்.எஸ். மேசை. கண்ணாடிப் பாலம் கட்டத் தெரிஞ்ச நமக்கு இதெல்லாம் பெரிய வேலையா?

வெயில்ல யாராவது சாய்ஞ்சா என்ன பண்ணணும்? பேச்சு குழறினா, சம்பந்தமில்லாமப் பேசினா, உடம்பு நெருப்பாக் கொதிச்சா அது சாதாரண மயக்கம் இல்ல, வெப்பவாதம். முதல்ல நிழலுக்குக் கொண்டு போய் உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்துங்க, விசிறுங்க. கழுத்து, அக்குள், தொடை இடுக்குல ஐஸ் வைங்க. 108-க்குக் கூப்பிடுங்க. வண்டி வர்ற வரைக்கும் குளிர வைக்கிறதை நிறுத்தாதீங்க. நினைவு தெளிவா இல்லாதவங்க வாயில சோடாவோ தண்ணியோ ஊத்தாதீங்க, நுரையீரலுக்குள்ள போயிடும். பாராசிட்டமால் இந்தச் சூட்டுக்கு வேலை செய்யாது. தெளிவா இருக்காங்கன்னா ஓ.ஆர்.எஸ். கொடுங்க. பாக்கெட்டுல போட்டிருக்கிற அளவு தண்ணியில மொத்தமாக் கரைச்சுக் கொடுக்கணும். கால் பாக்கெட்டைத் தம்ளர்ல தட்டிக் கலக்குறது கூடாது.

போன பதிவுல ஒரு சகோதரி கேட்டிருந்தாங்க, "எங்க குழந்தைக்கு நாலு மாசம், மே மாசம் போற வேன்ல எங்களையும் வரச் சொல்றாங்க, வெயிலுக்குத் தண்ணி கொடுக்கலாமா டாக்டர்?"னு.

தண்ணி வேண்டாம்மா. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் தான், வெயில்லயும் அது போதும். அடிக்கடி கொடுங்க. நீங்க நிறையத் தண்ணி குடிங்க. பால் கொடுக்க மறைவா ஒரு இடம் மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது கிடைக்கும்னா போங்க. அந்த வேன் திட்டத்துல அது இல்லன்னா, உங்க மாமியார்கிட்ட இந்தப் பதிவைக் காட்டுங்க. செப்டம்பர்ல குழந்தைக்கு எட்டு மாசம் ஆகியிருக்கும், தலை நல்லா நின்னு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். அப்பப் போங்க. கீழ்த்தளத்துல ரூம் கேட்டு வாங்குங்க.